மின்தடையும் கோப்பு முறைமைப் பிழைகளும்

கணினியின் வன்தட்டில் எந்தக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்பதைக் குறித்து வைக்கும் ஏற்பாடு கோப்பு முறைமை எனப்படும். ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதன் உள்ளடக்கம், இருப்பிடக் குறிப்பு, காலி இடங்களின் பட்டியல் ஆகியவை தனித்தனியே எழுதப்படுகின்றன. இடையில் மின்சாரம் நின்றால் ஒன்று எழுதப்பட்டும் மற்றொன்று எழுதப்படாமலும் போகக்கூடும். இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளே இவ்வாறு சிதைந்தால் கணினி தொடங்காமல் நின்றுவிடும்.

சரிபார்க்கும் கருவிகளின் வரலாறு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் தொடக்கத்தில் ஐசெக், டிசெக் என்னும் தனித்தனி நிரல்களைக் கொண்டு பிழைகளைத் தேடினர். பின்னர் பெல் ஆய்வகத்தின் டி. ஜே. கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே அவ்வேலைகளை ஒன்றாக்கியது. மைக்ரோசாஃப்ட் தரப்பில் இதே பணியைச் செக்டிஸ்க் செய்தது. வன்தட்டு பெரிதாகப் பெரிதாக முழுச் சோதனைக்கு நெடுநேரம் பிடித்தது. இதற்குத் தீர்வாக வந்தது குறிப்பேட்டு முறை. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்னர் உரிய இடத்தில் எழுதுவதே அதன் அடிப்படை. 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ், 2001இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்த எக்ஸ்ட்3, 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகியவை இம்முறையைப் பின்பற்றுபவை.

தமிழகச் சூழல்

சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் சூசே லினக்சுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழகம் கடும் மின்தட்டுப்பாட்டைச் சந்தித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள அஞ்சுகிராமத்துக்கு ஒருபுறம் முப்பந்தல் காற்றாலைகள், மறுபுறம் கூடங்குளம் அணுமின் நிலையம். காற்று ஓய்ந்த மாதங்களில் காற்றாலைகளால் பெரிதாக உதவ இயலவில்லை. கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்புடன் இணைந்தது. மடிக்கணினிக்கு மின்கலம் துணை நின்றது. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினிக்கோ ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு சோதனை.

பழுது நீக்கும் முறை

கணினி தொடங்காதபோது உடனே பழுதுநீக்கும் கட்டளையை இடுவது தவறு. முதலில் குறுவட்டு அல்லது பேனா நினைவகம் வழியாக வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கி, முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி வந்தாலோ, படிக்கும்போது பிழை காட்டினாலோ, கோளாறு வன்தட்டிலேயே இருக்கலாம். அந்நிலையில் திரும்பத் திரும்பச் சோதிப்பது இழப்பைக் கூட்டும். தட்டு நலமாக இருந்தால், அப்பிரிவு பயன்பாட்டில் இல்லாத நிலையில் எஃப்எஸ்சிகே கட்டளையை, எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் தெரிவுடன் இயக்கி, பின்னரே திருத்த அனுமதிக்க வேண்டும். உரிய பெயரை இழந்த கோப்புகளை அக்கருவி 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்னும் கோப்புறையில் எண்களே பெயராகச் சேர்த்து வைக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் அடையாளம் காண இயலும். விண்டோசில் செக்டிஸ்க் கட்டளையை எஃப் தெரிவுடன் இயக்குவர்.

வரம்பு

இக்கருவிகள் சீராக்குவது கோப்பு முறைமையின் கணக்கை மட்டுமே. கணக்கு நேராவதற்காகச் சிதைந்த கோப்பை நீக்கிவிடவும் கூடும். குறிப்பேட்டு முறையும் கட்டமைப்பைத்தான் காக்கிறது. சேமிக்கப்படாத மதிப்பெண் பட்டியலையோ பாதி எழுதிய கட்டுரையையோ அது மீட்டுத் தராது. அவற்றைக் காப்பது வேறோர் இடத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்த பிரதி மட்டுமே.