ரவுணுக்குப் போய் எங்க சாப்பிட்ட?

போன மாசம் எங்கட சின்னக் கடைக்குச் சாமான் எடுக்க மட்டக்களப்பு ரவுணுக்குப் போனேன். சீனி, பருப்பு, சவுக்காரம், ரெண்டு மூட்டை கோதுமை மா. எல்லாம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர மதியம்கூட ஆகல. அம்மா பில்லைக் கேட்டார். அம்மம்மா கேட்டது வேற.

"எங்க மனே சாப்பிட்ட?"

"சாப்பிடல அம்மம்மா. அதுக்குள்ள வந்திட்டன்."

அவவுக்கு நம்ப முடியல. ரவுணுக்குப் போய்ச் சாப்பிடாம வாறதா? சும்மா பாசத்தில கேக்கிறா எண்டுதான் முதலில் நினைச்சேன். அந்தக் கேள்விக்குள்ள எங்கட ஊர் வரலாறு கொஞ்சம் கிடக்கு எண்டு பிறகுதான் விளங்கினது.

நாங்கள் படுவான்கரை ஆக்கள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடப்பது எழுவான்கரை. ரவுணின் மூலஇடமான புளியந்தீவு வாவிக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628ல் அங்கே கோட்டை கட்டினார்கள், 1638ல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். தண்ணி சூழ்ந்த இடம் கோட்டைக்கு நல்லது. சாமான் வாங்கப் போறவனுக்கு அது ஒரு நாள் வேலை.

1924ல் கல்லடியில் லேடி மனிங் பாலம் வந்தது. எழுவான்கரை ஆக்கள் தண்ணியில் இறங்காமல் ரவுணுக்குப் போகத் தொடங்கினார்கள். 1928ல் ரயிலும் வந்தது. படுவான்கரையில் எங்கட பக்கத்துக்குக் கிடைத்தது பாதைதான். வெளியூர் ஆக்களுக்கு ஒரு விளக்கம்: நாங்க பாதை எண்டு சொல்றது றோட்டை இல்ல. மனிசர், மாடு, சைக்கிள், வாகனம் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு ஆத்தைக் கடக்கிற மிதவை அது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைத் துறைக்கு வருவார்கள். அம்பிளாந்துறையார் குருக்கள்மடத்துக்குக் கடப்பார்கள். மண்டூரார் குருமண்வெளிக்குக் கடப்பார்கள்.

அம்மம்மாவின் பயணம் விடியமுதல் தொடங்கும். துறையில் பாதை வரும்வரை காத்திருப்பு. அங்கால இறங்கினால் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. பிறகு ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி, பாலம், ரவுண். போகும்போது எருமைத் தயிர்ச் சட்டியும் மரக்கறியும், வரும்போது உப்பும் மண்ணெண்ணெயும் சீலைத்துணியும். திரும்ப இருட்டிவிடும். ஒரு முழு நாள் பயணத்தில ரெண்டு நேரமாவது வெளியில சாப்பிட வேணும். சாப்பாட்டுக் கடைகள் அந்தப் பசியை நம்பித்தான் இருந்தன.

அவவின் வரிசை இன்னும் மறக்கல. முதல்ல துறையடித் தேத்தண்ணிக் கடை. பிளேன்ரியும் கையில் ஒரு துண்டு சீனியும். வெள்ளிக்கிழமை எண்டால் ரவுணில் ஒரு சைவக்கடை, வாழை இலையில் சோறு. மற்ற நாட்களில் காத்தான்குடியில் ஒரு காக்காவின் ஹோட்டல். இடியப்பம், சொதி, மீன் கறி. அங்கே மாட்டிறைச்சியும் சமைப்பார்கள், அம்மம்மா அதைத் தொடமாட்டா. அவ கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லையாம். கண்டவுடன காக்காவே உள்ளே பார்த்துச் சொல்வார்: "தங்கச்சிக்கு மீன் கறி. கரண்டி வேற எடு." காசு குறைஞ்சால் அறுவடைக்குப் பிறகு குடுக்கலாம். காக்கா வீட்டுக்கும் தயிர் எங்கட பக்கத்தில இருந்துதான் போகும். வரும்போது பிள்ளைகளுக்கு மஸ்கத்து ஒரு துண்டு.

மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல எண்டு மேடையில் பேசாத அரசியல்வாதி இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போச்சு. ஆனால் அந்தப் பேச்சு மேடையில் பிறந்ததில்லை. தாய்வழிக் குடிமுறை ரெண்டு சமூகத்துக்கும் உண்டு, கலியாணம் முடித்து மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குப் போறதும் அப்படித்தான். வயல் ஒருவருக்கு, விளைச்சலை வாங்குறது மற்றவர். அந்தப் பழக்கத்துக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தவை இந்தக் கடைகள்.

1990 அந்த மேசையைக் கவிழ்த்தது. ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் ரெண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 9ல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் படையினரால் கொல்லப்பட்டன. 1991 ஜூன் 12ல் எங்கட பக்கம், மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் அதேதான். இதற்குப் பிறகு யார் யாருடைய கடையில் இருந்து சாப்பிடுவது?

படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில், ரவுண் இராணுவத்தின் கட்டுப்பாட்டில். முஸ்லிம் விவசாயிகளுக்கு இந்தப் பக்கத்து வயலுக்கு வர வழியில்லை. எங்களுக்குத் துறையில் சோதனைச்சாவடி. எரிபொருள், பற்றரி, பசளை எல்லாத்துக்கும் தடை. சாப்பாட்டுச் சாமானுக்கும் அளவு. அம்மம்மா அந்தக் காலத்தில் வீட்டில இருந்து சோத்தைக் கட்டிக்கொண்டுதான் போனாவாம். "பயம் மனே. கடைக்குள்ள இருந்தா நேரம் போயிரும், பாதை நிண்டிரும்."

2002 யுத்த நிறுத்தத்தோடு தடைகள் தளர்ந்தன. 2007ல் படுவான்கரை இராணுவத்திடம் வந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பினோம். 2014 ஏப்ரலில் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தார்கள். நோயாளியை ஏத்திக்கொண்டு பாதைக்காகக் காத்திருந்த சனத்துக்கு அதன் அருமை தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பாலம் வந்தபிறகு ரவுண் பயணம் அரை நாளுக்குள் முடிகிறது. பசிக்க முதலே வீட்டுக்கு வந்திடுறோம்.

ஒரு விசயம் சொல்லியாக வேணும். 2019 ஏப்ரல் 21ல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீங்க எண்டு போனுக்குப் போன் செய்தி வந்தது. நான் வழக்கமாகக் கொத்துச் சாப்பிடுகிற கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். கொத்து கிழக்கில்தான் பிறந்தது எண்டு கொழும்பு நண்பர்களோட சண்டை பிடிக்கிற ஆள் நான். அந்தக் கொத்தைக் கொத்துகிற மனிசனின் முகத்தைப் பார்க்காமல் ஏழு மாசம் போனேன். அவர் ஒரு பிழையும் செய்யல. வீட்டில் ஒருவரும் கேட்கல, அம்மம்மாவைத் தவிர. "அந்தக் கடை பூட்டிட்டா மனே?" எண்டு கேட்டா. பூட்டல எண்டு சொல்ல வெட்கமா இருந்தது.

பிறகு ஒருநாள் போனேன். அவர் ஒண்டும் கேட்கல. "கோழியா, முட்டையா?" எண்டு மட்டும் கேட்டார். 2022ல் காஸ் இல்லாமல் ரவுணில் கடைகள் மூடிக்கிடந்த நாட்களில் அவர் விறகு அடுப்பில் கொத்துப் போட்டார். நான் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் போய்ச் சாப்பிட்டேன். அண்டைக்கு மட்டும் அம்மம்மாவின் காலம் மாதிரி, நல்லாப் பசிச்சது.

இந்த வாரமும் சாமான் எடுக்கப் போறன். அவசரமில்லை, பாலம் எங்கும் போகாது. காத்தான்குடியில் இறங்கி இருந்து சாப்பிட்டு, ஒரு துண்டு மஸ்கத்தும் வாங்கிக்கொண்டு வருவதாக யோசனை. நீங்களும் உங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க, ரவுணுக்குப் போனா எங்க சாப்பிட்டவை, எந்த வருசத்தோட அதை விட்டவை எண்டு. எங்கட வரலாறு புத்தகத்தில வராத பக்கம் அதுக்குள்ள கிடக்கு.