மண்ணுக்குள் ஒரு செவி

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே, இருப்புப் பாதையின் ஓரத்தில் அமைந்த ஊர் கடம்பத்தூர். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டபோது, இந்நிலத்தின் வழியாகவே சென்றது. அன்று இப்பக்கத்து மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஓர் உழவரைக் கேட்டிருந்தால், களியும் மணலும் ஊற்றும் என்று தயங்காமல் விடை கூறியிருப்பார். இன்று அப்படிக் கூற இயலாது. தண்டவாளத்தின் ஓரமாக ரயில்வேயின் சமிக்ஞைக் கேபிள்கள் செல்கின்றன. சாலையோரத்தில் தொலைபேசிக்கான கண்ணாடியிழைகளும், மின்வாரியத்தின் கேபிள்களும், குடிநீர்க் குழாய்களும் கிடக்கின்றன. வெவ்வேறு துறையினர் வெவ்வேறு ஆண்டுகளில் புதைத்தவை இவை. புதைத்தவர் ஓய்வு பெற்றுப் போனார். வரைபடம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பின்வந்தவர் அறியார்.

இந்நிலையில் ஒரு ஜே.சி.பி. வந்து மண்ணில் பல்லை ஊன்றுகிறது. ஒன்றோடொன்று கலந்து பேசாமல் தோண்டுவதனால் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு நேர்கிறது என்று 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவித்தது. பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். பெல்ஜியம் நாட்டில் கிலென்யென் என்னும் ஊரில் 2004-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஓர் எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் மாண்டனர். அக்குழாயில் முன்னரே கட்டட வேலையின்போது ஓர் இயந்திரம் பட்டுக் காயம் ஏற்பட்டிருந்தது. எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு முதல் எரிவாயு முனையம் இயங்கிவரும் நம் மாவட்டத்துக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று.

ஆகவே, தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதை அறிய வழி உண்டா என்னும் வினா எழுகிறது. நம் ஊர்களில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்ப்பவர் உளர். வளைத்த கம்பிகளைக் கையில் பிடித்துக் குழாய் தேடுவோரும் உளர். முறையாகச் சோதித்த இடங்களில் இவ்வித்தைகள் தேறவில்லை என்று மட்டும் கூறி, நாம் மேலே செல்வோம்.

இத்துறையின் வரலாறு, வியப்பாக, ஒரு நோயாளியின் படுக்கையருகே தொடங்குகிறது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. எக்ஸ் கதிர் கண்டறியப்படுவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் தூய்மை செய்யாத விரல்களைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினர். அப்போது, தொலைபேசியைக் கண்டு ஐந்தாண்டே ஆகியிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உதவிக்கு முன்வந்தார்.

அவர் கையாண்ட கருத்து எளியது. கம்பிச் சுருள் ஒன்றில் மாறிமாறி ஓடும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அருகிலுள்ள மற்றொரு சுருளிலும் மின்னோட்டம் பிறக்கும். இதனை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டினார். சுருள்களைத் தக்கபடி அமைத்துவிட்டால், ஒன்றின் விளைவை மற்றொன்று ஈடு செய்து, இணைத்துள்ள தொலைபேசிச் செவிக்குழலில் ஓசையே கேளாது. உலோகம் ஏதேனும் அருகே வந்தால் அச்சமநிலை குலையும், செவிக்குழல் முனகும். டேவிட் ஹியூஸ் என்பவர் 1879-இல் இலண்டனில் அமைத்த இத்தகைய தராசைப் பெல் செம்மைப்படுத்தினார். பழைய போரில் குண்டடிபட்டு, அக்குண்டுகளை உடலிலேயே சுமந்து வாழ்ந்த முதிய வீரர்கள் மீது சோதித்தார். கருவி குண்டுகளைக் காட்டிற்று.

ஆனால் தலைவரின் படுக்கையருகே அது பிழைத்தது. ஜூலை 26-ஆம் நாள் முதன்முறை முயன்றபோது ஒரே இரைச்சல். ஆகஸ்டு முதல் நாள் மீண்டும் முயன்றபோது, வலப்புறம் முழுவதும் மெல்லிய ஓசை பரவலாகக் கேட்டது. ஓர் ஈயக்குண்டு இத்தனை பெரிய இடத்தை அடைத்திருக்க முடியுமா? பின்னரே உண்மை தெரிந்தது: தலைவர் படுத்திருந்த மெத்தையின் கீழே எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தது. தலைமை மருத்துவரோ, குண்டு வலப்புறமே உள்ளது என்று நம்பி, இடப்புறம் தேட இசையவில்லை. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு காலமானார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்புறம் கிடந்தது.

கருவி பொய் கூறவில்லை என்பதை மாணவர்கள் கருத வேண்டும். தன் முன் இருந்த உலோகத்தைப் பற்றி அது மெய்யே கூறிற்று. அங்கே வேறு என்ன உலோகம் உள்ளது என்பதைக் கேட்டவர்கள் அறியவில்லை. எங்கே தேடலாம் என்பதையும் முன்னரே முடிவு கட்டிவிட்டனர். இவ்விரண்டு தவறுகளும் இன்றும் தெருவில் குழி தோண்டும் இடந்தோறும் நிகழ்கின்றன.

அடுத்த பெரும்படி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர் என்னும் பொறியாளர், விமானங்கள் வானொலி அலையைக் கொண்டு திசை அறியும் கருவிகளில் உழைத்துக்கொண்டிருந்தார். உலோகத் தாது மிக்க இடங்களிலும், உலோகக் கட்டடங்கள் அருகிலும் திசை தவறுவதை விமானிகள் கண்டனர். பிறர் இதனைக் குறை என்று ஒதுக்கியிருப்பர். வானொலி அலையைத் திரிக்கும் உலோகத்தை, அத்திரிபைக் கொண்டே கண்டுபிடிக்கலாமே என்று ஃபிஷர் எண்ணினார். ஒரு கழியின் ஒரு முனையில் அலை அனுப்பும் பெட்டி, மறுமுனையில் அலை வாங்கும் பெட்டி. 1930-களில் இக்கருவி புதைகுழாய் தேடும் பணியாளர் கைக்கு வந்தது. 1937-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

போர் வந்தது. ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையின் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடி கண்டறியும் கருவியைச் செய்து, காப்புரிமை கோராமல் பிரிட்டிஷ் படைக்கு அளித்தார். 1942-ஆம் ஆண்டு அக்டோபரில், நம் நாட்டுப் படைவீரர்களும் பங்கு கொண்ட எல் அலமேன் போரில், அக்கருவிகள் பாலைவனத்தில் வழி திறந்தன. இதற்கு எதிரி கண்ட மாற்று என்ன தெரியுமா? மரப்பெட்டியால் ஆன கண்ணிவெடி. உலோகத்தை மட்டுமே கேட்கும் செவிக்கு மரம் ஊமை. இவ்வூமைப் பொருளைப் பின்னரும் சந்திக்கப் போகிறோம்.

இன்று தொழிலாளர் 'லொக்கேட்டர்' என்று வழங்கும் கருவி இரண்டு பகுதிகளால் ஆனது. அனுப்பும் பெட்டியைக் குழாயின் வெளியே தெரியும் இடத்தில், வால்வு ஒன்றில் என்று வைத்துக்கொள்வோம், கம்பியால் இணைப்பர். அது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சிறு மின்னோட்டத்தைக் குழாயில் செலுத்தும். மின்னோட்டம் செல்லும் வழியைச் சுற்றிக் காந்தப் புலம் வளையவளையமாக எழும். வாங்கும் கருவியைக் கையில் ஏந்தித் தரைமேல் குறுக்கே நடந்தால், நேர் மேலே வரும்போது ஒலி உச்சமாகும், விலகினால் தேயும். கருவிக்குள் மேலும் கீழுமாக இரண்டு சுருள்கள் உள்ளன. அவ்விரண்டிலும் பிறக்கும் மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, குழாய் எத்தனை ஆழத்தில் உள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. அக்கணக்கை நம்பி அதே ஆழம் வரை இயந்திரத்தால் தோண்டுவது அறிவீனம். கடைசி அடிகளைக் கைக்கடப்பாரையும் மண்வெட்டியுமே காண வேண்டும்.

அனுப்பும் பெட்டி இல்லாமலும் கேட்கலாம். மின்கேபிளில் வினாடிக்கு 50 முறை மாறும் மின்னோட்டமே ஒலி தரும். ஆனால் தெருவிளக்குக் கேபிள் பகலில் மின்னோட்டமின்றி வாளா கிடக்கும். பகலில் தேடுபவர் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு செய்தால், கடப்பாரை அதன்மீதே இறங்கும். கடம்பத்தூர் போன்ற ஊர்களில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. மேலே 25,000 வோல்ட் கம்பி. கீழே, ரயிலுக்கு ஊட்டிய மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியும் மண்ணின் வழியும் திரும்புகிறது. அருகிலுள்ள உலோகக் குழாய்களெல்லாம் அதே 50-இன் சுருதியில் பாடத் தொடங்கும். மின்சாரமே இல்லாத நீர்க்குழாய் கூட மின்கேபிள் போல் நடிக்கும். கார்ஃபீல்டின் எஃகு மெத்தையை இங்கே நாம் நினைவு கொள்ளலாம்.

வானொலியில் பேசுகையில் மற்றொன்றையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில், கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. கடலுக்குள் மூழ்கியுள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை அது பரப்புகிறது. இத்தகைய அலைகள் நிலத்துக்குள்ளும் ஓரளவு புகும். நீண்ட உலோகப் பொருள்களில் மின்னோட்டத்தைத் தூண்டும். லொக்கேட்டரில் 'ரேடியோ' என்று குறித்த நிலை அதனையே கேட்கிறது.

எல்லாவற்றினும் கொடிய பிழை, தாவல். இணையாகக் கிடக்கும் இரண்டு உலோக வழிகளில், ஒன்றில் செலுத்திய மின்னோட்டம் மற்றொன்றுக்கும் தாவிவிடும். பெரிய ஒலி தரும் வழியே நாம் தேடும் வழி என்பதற்கு உறுதியில்லை. தேர்ந்த பணியாளர் அதிர்வெண்ணை மாற்றியும், இணைப்பிடத்தை மாற்றியும் இரண்டு மூன்று முறை கேட்ட பின்னரே தரையில் சுண்ணாம்புக் கோடு இடுவர்.

சென்னையின் குடிநீர் வரலாற்றைப் பாருங்கள். 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் தொடங்கியபோது, செங்குன்றத்திலிருந்து நீர் வந்தது மண்ணுக்கடியிலுள்ள கட்டுமானக் கால்வாய் வழியாக. அங்கிருந்து நகருக்குள் பரவியவை வார்ப்பிரும்புக் குழாய்கள். அக்காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டில் ஈயம் உருக்கி ஊற்றுவர். ஆதலால் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும், லொக்கேட்டர் தெளிவாகக் கேட்கும். அதன் பக்கத்திலேயே கிடக்கும் கட்டுமானக் கால்வாயோ அதற்குக் கேளாது. பிற்காலத்து இரும்புக் குழாய்களின் மூட்டில் ரப்பர் வளையம் வந்தது. மூட்டுக்கு மூட்டு ஒலி அறுபட்டது. பின்னர் பிளாஸ்டிக் குழாய் வந்தது. ஒலி முற்றிலும் நின்றது. மரப்பெட்டிக் கண்ணிவெடியின் கதைதான். குழாய் துருப்பிடிக்காமல் நீண்டநாள் உழைக்க வேண்டும் என்று நாம் விரும்பினோம். அந்த நன்மையே அதனைக் கருவியின் செவியிலிருந்து மறைத்தது.

மண்ணுக்குள் மின்காந்தத் துடிப்பை அனுப்பி எதிரொலி கேட்கும் தரை ராடார் இக்குறையை ஓரளவு போக்குகிறது. காய்ந்த மணலில் அது நன்றாக வேலை செய்யும். ஏரிப்பாசனம் நிறைந்த இப்பகுதியின் ஈரக்களியில் துடிப்பு விரைவில் உறிஞ்சப்பட்டுவிடும். அதனினும் மலிவான வழி ஒன்று உண்டு: பிளாஸ்டிக் குழாயைப் புதைக்கும்போதே அதன் மேல் ஒரு மெல்லிய செப்புக் கம்பியையும் சேர்த்துப் புதைத்து, இரு முனைகளையும் வால்வுப் பெட்டியில் கட்டிவிடுதல். குழாய் பேசாது, கம்பி பேசும்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் கைபேசிச் செயலி, தோண்டுபவர் இடத்தைக் குறித்தால் அங்கே சொத்துடைய துறையினர்க்குச் செய்தி சேர்க்கிறது. ஆனால் துறையினரிடம் வரைபடம் இருந்தால்தான் அவர்கள் விடை கூற இயலும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் வீட்டுக்கு வீடு குழாய் என்று சிற்றூர்த் தெருக்களெல்லாம் தோண்டப்பட்டன. அக்குழிகளில் இறங்கிய குழாய்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். அவற்றுள் எவற்றோடு செப்புக் கம்பி சென்றது, எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் சென்றது என்பன, ஊராட்சியின் பதிவேட்டில் இன்று எழுதப்பட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அத்தெருவில் கடப்பாரை ஏந்தி நிற்பவர் படித்துப் பார்ப்பார்.