யார் பீஜியன்? ஒரு தீவின் பெயருக்குள் இருக்கிற சண்டை

பீஜி எண்டதும் எங்களில் கன பேருக்கு முதலில் ஞாபகம் வாறது றக்பிதான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் றக்பி இறுதிப்போட்டியில் பிரித்தானியாவை 43-7 என்று தோற்கடித்து, அந்தச் சின்ன நாடு தன்ர முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக எடுத்தது. அந்த வெற்றியின் நினைவாக ஏழு டொலர் நோட்டு ஒன்றையும் பிறகு அச்சடித்தார்கள். அதுக்கு அடுத்தபடியாக ஞாபகம் வாறது நீலக் கடலும் தேனிலவு விளம்பரங்களும். இந்தக் கட்டுரையில் நாங்கள் கதைக்கப் போறது அந்த விளம்பரங்களுக்குப் பின்னால இருக்கிற ஒரு கேள்வியைப் பற்றி: அந்தத் தீவில் 'பீஜியன்' எண்டு தன்னைச் சொல்லிக்கொள்ள யாருக்கு உரிமை இருக்கு?

கேட்கச் சின்னக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் 2010 வரைக்கும் 'பீஜியன்' என்ற சொல் அரச பாவனையில் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளை மட்டும்தான் குறித்தது. நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே கரும்பு வெட்டி, அங்கேயே செத்த ஒரு குடும்பத்தின் பிள்ளை படிவத்தில் 'இந்தியன்' எண்டுதான் எழுதவேண்டியிருந்தது. எங்கட நாட்டில் மலையகத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இது ஏன் பெரிய விசயம் எண்டு சொல்லத் தேவையில்லை.

முதலில் அங்கே யார் யார் இருக்கிறார்கள் எண்டு பார்ப்பம். பீஜியில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் ஆக்கள் நிரந்தரமாக வசிக்கிறார்கள். வித்தி லெவு, வனுவா லெவு என்ற இரண்டும்தான் பெரிய தீவுகள். ஏறக்குறைய மூவாயிரம் வருசங்களுக்கு முன்பே கடலோடிகளான மக்கள் அங்கே வந்து குடியேறிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று இ-தௌக்கெய் என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு நிலம் என்பது தனியாளின் சொத்து இல்லை. மதாங்காலி எனப்படும் குலத்துக்குப் பொதுவானது. 'வனுவா' என்ற ஒரே சொல் மண்ணையும், அந்த மண்ணின் மக்களையும், அவர்களின் வழக்கங்களையும் சேர்த்துக் குறிக்கும். கலியாணம், மரணம், மன்னிப்புக் கேட்பது, எதுவானாலும் தம்புவா எனப்படும் திமிங்கிலப் பல்லை மரியாதையாகக் கொடுப்பதும், யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானத்தை வட்டமாக இருந்து குடிப்பதும் அங்கத்தைய வழக்கம்.

இன்னொரு விசயமும் எங்களை ஆச்சரியப்படுத்தியது. பீஜி மொழியில் தாயின் சகோதரனை 'மோமோ' எண்டு கூப்பிடுவார்கள். மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் 'தவலே', அதாவது எங்கட மச்சான் மச்சாள் முறை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்கள் மாதிரி. மானிடவியலாளர்கள் இந்த உறவுமுறை அமைப்பைத் 'திராவிட வகை' என்றே வகைப்படுத்துகிறார்கள். உடனே "தமிழர்தான் அங்க போயிருக்கினம்" எண்டு யாரும் முகநூலில் எழுதத் தொடங்க வேண்டாம். இரண்டு மொழிகளுக்கும் குடும்ப உறவே கிடையாது. ஒரே மாதிரியான உறவுமுறை உலகத்தின் வேறு வேறு மூலைகளில் தனித்தனியாகவும் உருவாகும். பீஜியின் லாவுத் தீவுகளில் பள்ளி அதிபராக இருந்து அந்த மக்களின் வாழ்க்கையை எழுதிவைத்த ஏ. எம். ஹோகார்ட், பிறகு 1921இல் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக வந்தவர் என்பது மட்டும் உண்மையான தொடர்பு.

இதைவிடப் பெரிய தொடர்பு ஒன்றும் இருக்கு. 1874 ஒக்டோபர் 10இல் லெவுக்கா என்ற ஊரில் தாக்கொம்பாவு உள்ளிட்ட தலைவர்கள் பீஜியைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்தார்கள். அடுத்த வருசமே சின்னமுத்து நோய் பரவியது. சிட்னிக்குப் போய்த் திரும்பிய தாக்கொம்பாவுவின் கப்பலோடுதான் அது வந்தது. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் செத்தார்கள். அந்தச் சாவு வீட்டுக்குள்தான் முதலாவது ஆளுநராக சேர் ஆர்தர் கோர்டன் வந்து இறங்கினார். இந்த மனிசனை எங்களுக்கும் தெரியும். 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநராக இருந்து, ஊவா மாகாணத்தை உருவாக்கியவர் இவரேதான். கொழும்புக் கோட்டையில் கோர்டன் தோட்டம் எண்டு இருக்கிறதும் இவருடைய பெயரில்தான்.

கோர்டன் பீஜியில் இரண்டு வேலை செய்தார். பூர்வீகக் குடிகளின் நிலத்தை வெள்ளைக்காரருக்கு விற்பதை நிறுத்தினார். குலத் தலைவர்கள் ஊடாகவே ஆட்சி நடத்தினார். பாதி அழிந்துகிடந்த ஒரு சமூகம் தோட்டக் கூலியாக மாறி மிச்சமும் அழியக்கூடாது என்பது அவரின் வாதம். இது நல்ல காரியம் போலத்தான் தெரியும், ஒரு வகையில் நல்லதும்தான். இன்றைக்கும் பீஜியின் நிலத்தில் எண்பது வீதத்துக்கு மேல் அந்தக் குலங்களிடமே இருக்கு. ஆனால் காலனிக்குக் காசு வேணும். காசுக்குக் கரும்பு வேணும். கரும்புக்கு ஆக்கள் வேணும். கோர்டன் ஏற்கெனவே ட்ரினிடாட்டிலும் மொரிசியசிலும் ஆளுநராக இருந்து, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறையைக் கண்ணால் கண்டவர். அதையே பீஜிக்கும் கொண்டுவந்தார். ஒரு சமூகத்தைக் காப்பாற்றுகிற செலவை இன்னொரு சமூகத்தின் முதுகில் ஏற்றிவைத்தார் எண்டுதான் நாங்கள் இதை விளங்கிக்கொள்கிறோம்.

1879 மே 14இல் லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 463 பேரோடு வந்து சேர்ந்தது. 1916 வரைக்கும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். 1884இல் சிரியா என்ற கப்பல் நசிலாய்க் கடற்பாறையில் மோதி 59 பேர் செத்தார்கள். 'அக்ரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல் அந்த ஆக்களின் வாயில் 'கிர்மிட்' ஆனது, அவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள். ஐந்து வருச ஒப்பந்தம். பத்து வருசம் இருந்தால் திரும்பிப் போக இலவசக் கப்பல். ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சிலிங், பொம்பிளைக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் கொடுத்த வேலையை முழுசாக முடித்தால்தான். அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். சீனிக் கம்பனிதான் பெரிய முதலாளி. பத்தடிக்கு ஏழடி அறைகள் வரிசையாக இருக்கிற குடியிருப்பை அங்கேயும் 'லைன்' எண்டுதான் சொன்னார்கள். எங்கட லயத்தின் பெயரே அங்கேயும். இங்க கங்காணி, அங்க சர்தார்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில்தான் ஆள் ஏற்றினார்கள். அந்தக் கணக்கு எத்தனை வன்முறைக்கும் தற்கொலைக்கும் காரணமானது எண்டு கன பேர் எழுதியிருக்கிறார்கள். 1913இல் குந்தி என்ற பெண் மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த செய்தி இந்தியா முழுக்கப் பரவியது. அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாரதி பாடிய பாட்டு எங்களுக்குப் பள்ளிக்காலம் தொட்டுப் பழக்கம். பீஜி என்ற பெயரைத் தமிழுக்குள் நிலைக்க வைத்ததே அந்தப் பாட்டுத்தான். எதிர்ப்புக் கூடிக்கூடி, 1920 ஜனவரி 1ஆம் திகதி மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் இரத்தாகின.

1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது. மொத்தமாக வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்த வழியால் வந்தவர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். பிந்தி வந்தவர்கள் என்பதாலும், வடக்கத்தியாரின் மொழி தெரியாததாலும் அவர்கள் இந்தியருக்குள்ளேயே வேற்றாள்கள். எல்லாருக்கும் ஒரே பட்டம்: 'மதராசி'. 1926இல் சாது குப்புசுவாமி என்பவர் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பள்ளிக்கூடங்களைக் கட்டியது, கோயில்களைப் பராமரித்தது. நாடி என்று எழுதி 'நாந்தி' என்று உச்சரிக்கிற ஊரில் இருக்கிற சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் வண்ணக் கோபுரத்தை இன்றைக்குப் பீஜிக்குப் போகிற உல்லாசப் பயணிகள் எல்லாம் படமெடுப்பார்கள்.

ஆனால் வீட்டுக்குள் தமிழ் தங்கவில்லை. தோட்டத்தில் போஜ்புரி, அவதி எல்லாம் கலந்து உருவான பீஜி ஹிந்திதான் எல்லாருக்கும் பேச்சுமொழியாகியது. அந்த மொழிக்குள்ளேயே பீஜிச் சொற்கள் புகுந்துவிட்டன. யங்கோனா, 'நங்கோனா' ஆகி இந்தியர் வீட்டு முற்றத்திலும் வட்டம் போட்டுக் குடிக்கப்படுகிறது. மொழி போனாலும் மாரியம்மன் போகவில்லை. சுவாவில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிக்கிறார்கள். அந்தத் தலைநகரிலிருந்து அதிக தூரமில்லாத பெங்காத் தீவில், சவாவு குலத்தவர்கள் தங்கள் முன்னோர் வழியாக வந்த வரம் எண்டு சொல்லி, நெருப்பில் காய்ந்த கற்களின்மேல் நடக்கிறார்கள். இவர்கள் அவர்களிடமிருந்து படிக்கவில்லை. அவர்களும் இவர்களிடமிருந்து படிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே நாட்டில், இரண்டு நெருப்பு.

இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் பீஜி எண்டு நினைத்தால் அதுவும் சரியில்லை. 1860களிலிருந்து சொலமன் தீவுகளிலிருந்தும் இன்றைய வனுவாட்டுவிலிருந்தும் ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 1881இல் இணைக்கப்பட்ட ரொட்டுமாத் தீவு மக்களுக்குத் தனி மொழி. பனாபாத் தீவைப் பொஸ்பேட்டுக்காகத் தோண்டிவந்த நிலையில், அந்த மக்களின் பணத்தாலேயே வாங்கிய ராம்பித் தீவில் 1945 டிசம்பரில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். இன்றைய துவாலுவின் வைத்துப்பு மக்கள் கியோவாத் தீவைத் தாங்களே வாங்கி 1947இல் குடியேறினார்கள். சீனர், ஐரோப்பியர், கலப்பினத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். இவ்வளவு பேரையும் எந்த ஒரு சொல்லுக்குள் அடக்குவது?

1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியரின் எண்ணிக்கை பூர்வீகக் குடிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. அந்தக் கணக்குத்தான் பயத்தின் தொடக்கம். நிலம் ஒரு பக்கம், உழைப்பும் வியாபாரமும் இன்னொரு பக்கம், வாக்காளர் பட்டியலோ இனத்துக்கு ஒன்று. 1970 ஒக்டோபர் 10இல் சுதந்திரம் கிடைத்தபோதும் இந்தப் பிரிப்பு அப்படியே இருந்தது. 1987இல் இந்தியரின் பெரும் ஆதரவோடு ஒரு கூட்டணி அரசாங்கம் வந்தது. அதன் பிரதமர் பவாத்ரா ஒரு பூர்வீகக் குடி. ஏறத்தாழ ஒரு மாதத்தில் லெப்டினன்ட் கேணல் சித்திவேனி ரம்புக்கா இராணுவச் சதியால் அதைக் கவிழ்த்தார். திகதி: மே 14. லியோனிடாஸ் வந்து சரியாக 108 வருசம். அதன் பிறகு வந்த 1990 அரசியலமைப்பு பிரதமர் பதவியைப் பூர்வீகக் குடிகளுக்கு மட்டும் ஒதுக்கியது. 1999இல் முதலாவது இந்திய வம்சாவளிப் பிரதமராக மகேந்திர சௌத்ரி வந்தார். 2000 மே 19இல், பதவியேற்று ஒரு வருசம் நிறைந்த நாளில், ஜோர்ஜ் ஸ்பெய்ட்டின் ஆயுதக் கும்பல் அவரைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே பணயமாகப் பிடித்தது.

படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா எண்டு புறப்பட்டார்கள். 1986இல் ஏறக்குறைய பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2007இல் 37.5 வீதம். இந்த எண்களை வாசிக்கிறபோது 1983க்குப் பிறகான எங்கட வீடுகளின் வெறுமை எங்களுக்கு ஞாபகம் வருகிறது.

பெயருக்கு வருவம். 2006 சதியின் பின் ஆட்சியிலிருந்த பைனிமராமா அரசாங்கம் 2010இல் ஒரு ஆணையால் பூர்வீகக் குடிகளின் உத்தியோகபூர்வப் பெயரை 'இ-தௌக்கெய்' என்று மாற்றியது. 2013 அரசியலமைப்பு பிரஜைகள் எல்லாரும் பீஜியர் என்றது. இந்திய வம்சாவளியினரில் கன பேருக்கு அது நூறு வருசத்துக் காத்திருப்பின் முடிவு. ஆனால் இ-தௌக்கெய் மக்களில் ஒரு பகுதியினர் இதைத் தங்கள் பெயர் கேட்காமல் பறிக்கப்பட்டதாகவே பார்க்கிறார்கள். அவர்களை இனவாதிகள் எண்டு ஒரு சொல்லில் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு தொற்றுநோயில் அழிவின் விளிம்புவரை போய் வந்த மக்கள், தங்கள் மண்ணில் எண்ணிக்கையில் குறைந்து போவதைப் பார்த்தவர்கள், பெயரையும் இழக்கப் பயப்படுவார்கள்தானே. நல்ல விசயமேயானாலும், துவக்கு வைத்திருக்கிறவன் ஆணையிட்டுக் கொடுத்தால் அதில் ஒரு குறை இருக்கத்தான் செய்யும்.

2022 டிசம்பரில் அதே ரம்புக்கா தேர்தல் வழியாகத் திரும்பவும் பிரதமரானார். 2023 மே 14, அதே திகதியில், சுவாவில் நடந்த நல்லிணக்க ஆராதனையில் 1987க்காக எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அந்த வருசம்தான் கிர்மிட் தினம் முதன்முறையாகப் பொது விடுமுறையானது. மன்னிப்பால் காணிக் குத்தகைப் பிரச்சினை தீராது, போனவர்கள் திரும்பப் போவதும் இல்லை. ஆனாலும் செய்தவனே, செய்த நாளிலேயே, செய்தேன் எண்டு சொன்னது சின்ன விசயம் இல்லை.

அதே 2023இல்தான் மலையக மக்கள் தங்கள் இருநூறு வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். 1948இல் குடியுரிமையை மறுத்த ஒரு நாட்டில், 2012 குடிசன மதிப்பீட்டிலும் 'இந்தியத் தமிழர்' எண்டு எண்ணப்பட்டவர்கள் அவர்கள். 'மலையகத் தமிழர்' என்ற பெயர் அவர்கள் தாங்களே தெரிவு செய்து, தாங்களே நடந்து உறுதிப்படுத்திய பெயர். பீஜியின் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான்: ஒரு மக்களை எப்படிக் கூப்பிடவேண்டும் எண்டு அந்த மக்களைத்தான் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை வடக்கு கிழக்கில் இருக்கிற நாங்களும் எங்கட பேச்சில், எங்கட கம்பஸ் விடுதிகளில், 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் சாதாரணமாகப் புழங்குகிற இடங்களில் கேட்டே ஆகவேண்டும்.