வெட்டு வாங்கினவன் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்குப்பம் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி நானும் புகைப்படக்கார நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு படத்தொடர் செய்தோம். அரவான் தன் உடம்பை முப்பத்திரண்டு இடங்களில் அறுத்துக் காளிக்குக் கொடுக்கிறான் என்பது நம் பக்கத்துக் கூத்துக் கதை. அந்த வெட்டுகளைக் கூத்துக் கலைஞர் ஒருவரின் வெற்றுடம்பில் சிவப்பு வண்ணத்தில் எழுதிப் படமாக்கலாம் என்பது என் யோசனை. நான் எழுதினேன், நண்பர் எடுத்தார், கலைஞர் அரைநாள் அசையாமல் நின்றார். படங்களைப் பெரிதாக்கித் தெருவிலேயே மாட்டினோம்.

இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. "சாமி வேஷம் கட்டுறவன அரையும் குறையுமா நிக்க வச்சுப் படம் எடுக்கிறதுதான் கலையா?" என்றார்கள் பெரியவர்கள் சிலர். இதற்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது. கோபுரத்துச் சிற்பங்களைப் பாருங்கள், உடம்பைக் கண்டு கூசச் சொல்லிக் கொடுத்தது விக்டோரிய ஒழுக்கம் என்றோம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணில் நின்றுகொண்டு விக்டோரியா மகாராணியைத் திட்டினோம்.

தாலி கட்டிக்கொள்ள வந்திருந்த திருநங்கை ஒருவர் படங்களுக்குக் கீழே இருந்த அட்டையை நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "எழுதுனவரு பேரு இருக்குது. எடுத்தவரு பேரு இருக்குது. வெட்டு வாங்கினவன் பேரு எங்க?" இதற்கு எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் தாலியறுத்து அழும்போது, கேட்காமலே படம் பிடித்துப் போகிறவர்களை ஆண்டுதோறும் பார்ப்பவர் அவர். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, உடம்பில் எழுதுகிற வரலாற்றைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

தமிழில் 'எழுது' என்ற வினை ஏட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஓவியம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம். மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கோலம் வரைவதைச் சங்கப் பாடல்கள் தொய்யில் எழுதுதல் என்கின்றன. கலித்தொகையில் தலைவனே எழுதுவதாகவும் வரும். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் நெருக்கத்தில் இருக்க, பார்வையாளர் என்று மூன்றாம் ஆள் கிடையாது. குழம்பு காய்ந்தால் உதிர்ந்துவிடும். புகைப்படம் இந்த உறவைத்தான் மாற்றுகிறது. உதிர வேண்டியது நிலைக்கிறது. அங்கே இல்லாதவர்களின் கண்ணுக்குப் போகிறது. சம்மதம் ஒரு பொழுதுக்கானது, படமோ பல காலத்துக்கானது. 'ஆபாசமா, கலையா?' என்ற சலித்துப்போன விவாதம் இந்த இடைவெளியைக் கவனிப்பதே இல்லை.

1960 மார்ச் 9 அன்று பாரிஸ் காலரி ஒன்றில் ஈவ் க்ளைன் என்ற ஓவியர், அழைக்கப்பட்ட கனவான்கள் முன்னிலையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரே சுரத்தை வாத்தியக் குழு நீட்டி இசைக்க, மூன்று பெண்கள் தங்கள் நிர்வாண உடம்பில் நீல வண்ணத்தைப் பூசிக்கொண்டு காகிதத்தில் பதிந்தார்கள். க்ளைன் விருந்துக்குப் போகிறவர் போல உடுத்தி, கையில் ஒரு சொட்டு வண்ணம் படாமல் உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். அவர் மொழியில் அந்தப் பெண்கள் உயிருள்ள தூரிகைகள். தூரிகைக்குப் பெயர் எதற்கு?

மூன்று ஆண்டுகள் கழித்து, 1963இல், நியூயார்க்கில் கரோலி ஷ்னீமன் தன் உடம்பில் தானே வண்ணமும் சுண்ணமும் பூசி, தன் பணியறையையே களமாக்கி நின்றார். படம் எடுத்தவர் ஐஸ்லாந்துக்காரரான எர்ரோ. ஆனால் படைப்பு ஷ்னீமனுடையதாகவே அறியப்படுகிறது. இரண்டிலும் நிர்வாணம் உண்டு, வண்ணம் உண்டு, கேமரா உண்டு. வேறுபடுவது அதிகாரம் இருக்கும் இடம். உடம்பு ஒரு பிரதி என்று நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். அந்தப் பிரதிக்குள் ஒரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறார் என்பதை எத்தனை பேர் எழுதினோம்?

நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். 2020 ஜூனில் கேரளத்தில் ரெஹானா பாத்திமா, மேலாடையற்ற தன் உடம்பில் 14 வயது மகனும் 8 வயது மகளும் வண்ணம் தீட்டும் வீடியோவை வெளியிட்டார். பெண்ணுடம்பைப் பிள்ளைகள் இயல்பாகப் பார்க்கட்டும் என்பது அவர் தரப்பு. போக்சோ சட்டத்தின் கீழும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழும் வழக்கு பாய்ந்தது. கேரள உயர்நீதிமன்றம் ஜூலையில் முன்ஜாமீன் மறுத்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது. 2023 ஜூன் 5 அன்று அதே உயர்நீதிமன்றத்தின் நீதிபதி கௌசர் எடப்பகத் அவரை வழக்கிலிருந்து விடுவித்தார். நிர்வாணமும் ஆபாசமும் ஒன்றல்ல என்றும், தாயுடம்பில் பிள்ளைகள் வரைந்தது பாலியல் செயலாகாது என்றும் சொன்ன அந்தத் தீர்ப்பு, திருச்சூர் புலிக்களியிலும் தெய்யத்திலும் ஆண்களின் உடம்பில் வண்ணம் தீட்டுவது ஏற்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது.

தீர்ப்பு வரவேற்க வேண்டியது. ஆணின் வெற்று மார்பு மரபு, பெண்ணின் வெற்று மார்பு குற்றம் என்ற இரட்டை நியாயத்தை அது போட்டு உடைத்தது. ஆனாலும் எனக்கு இரண்டு இடங்களில் உறுத்துகிறது. தெய்யத்தை மரபு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தெய்யம் கட்டுகிறவர்கள் வண்ணான், மலையன் முதலான ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். எழுத்து உடம்பில் இருக்கும்வரை தெய்வம். கழுவிவிட்டால் பழையபடி சாதி. மரபு ஏற்றுக்கொண்டது எழுத்தைத்தான், ஆளை அல்ல. இன்னொன்று பிள்ளைகள். தூரிகை அவர்கள் கையில்தான் இருந்தது. அந்த வகையில் க்ளைனின் காட்சி இங்கே தலைகீழாகிறது. ஆனால் வெளியிடலாமா என்ற கேள்விக்கு எட்டு வயதுக் குழந்தை அம்மாவிடம் 'வேணாம்' என்று சொல்ல முடியுமா? இது போலீஸ் கேட்க வேண்டிய கேள்வி அல்ல, நாம் கேட்க வேண்டியது. கலாச்சாரக் காவலர்களோடு சண்டை போடுகிற அவசரத்தில் அதை விட்டுவிட்டோம். எதிரிக்குச் சாதகமாகிவிடுமோ என்ற பயத்தில் நம்மவர்கள் வாயை மூடிக்கொள்வது புதிதல்ல.

எங்கள் தெருவிலும் இதுதான் நடந்தது. பெரியவர்களின் கேள்வி எங்களைப் போராளிகளாக உணரவைத்தது. திருநங்கையின் கேள்விதான் நாங்கள் யார் என்று காட்டியது. கலைஞரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பேரு கெடக்குது விடுங்க," என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. களப்பலியில வெட்டு உடம்புல தெரியக் கூடாது சார், முகத்துல தெரியணும்."

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறவர் அவர். அந்தக் கையில் நான் தூரிகையைக் கொடுக்கவே இல்லை. பெயரை விட்டது மரியாதைக் குறைவு என்று மட்டும் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்ததையும் சேர்த்து விட்டிருக்கிறோம். எங்கள் படங்களில் அவர் முகம் சும்மாதான் இருக்கிறது.

அட்டையில் இப்போது மூன்று பெயர்கள் உள்ளன, முதலில் அவருடையது. இரண்டு படங்களை அவர் எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். ஏன் என்று கேட்கவில்லை.