*ஹைலிய- : தொல்ஜெர்மானிய வினை ஒன்றின் தோற்றம்

‘குணப்படுத்து’ எனப் பொருள்படும் தொல்ஜெர்மானிய வினை *ஹைலிய- என மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. உடுக்குறி காட்டுவதுபோல் இவ்வடிவம் எச்சுவடியிலும் காணப்படுவதன்று. கோத்திய ‘ஹைல்யன்’, பழைய ஆங்கில ‘ஹேலன்’, பழைய உயர்ஜெர்மன் ‘ஹெய்லன்’ ஆகியவற்றின் ஒப்பீட்டால் பெறப்பட்டது. *ஹைலஸ் (முழுமையான, ஊனமற்ற) என்னும் பெயரடையோடு ஆக்கவிகுதி சேர்ந்தமையால் இதன் நேர்ப்பொருள் ‘முழுமையாக்கு’ என்பதாம். விகுதியின் யகரம் பழைய ஆங்கிலத்தில் முன்னின்ற உயிரைத் திரித்தது. இன்றைய ‘ஹோல்’, ‘ஹீல்’ என்பன உறவற்றவைபோல் ஒலிப்பது அதனாலேயே.

எனினும் அடிச்சொல்லின் பொருள் முழுமைதானா? வெல்ஷ் மொழியின் இனச்சொல் நிமித்தத்தைக் குறித்தது. பழைய ஆங்கில ‘ஹேல்’ என்பதற்கும் அப்பொருள் உண்டு. இதுகொண்டு சமயப்பொருளே மூத்தது எனக் கருத இடமுண்டு. ஸ்லாவியத்திலோ, ‘முழுமையான’ என்னும் சொல்லிலிருந்தே குணப்படுத்தும் வினையும் பிறந்துள்ளது. பண்டைப் பிரஷ்ய இனச்சொல்லும் உடல்நலத்தையே சுட்டும். ஆதலின் முழுமையை மூலப்பொருளாகக் கொள்வதே ஏற்புடைத்து. நிமித்தம் அதன் கிளைப்பொருளாகலாம்.

மருத்துவனைக் குறிக்கும் கோத்தியச் சொல் ‘லேகீஸ்’ வேறு வேரினது. அது கெல்டியக் கடன் என்பர் பலர். 4ஆம் நூற்றாண்டினரான வுல்ஃபிலா, அதனடியாகப் பிறந்த ‘லேகினோன்’ என்பதையும் ‘ஹைல்யன்’ என்பதையும் லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து ஆள்கிறார். கிரேக்க மூலத்திலும் அவ்விடங்களில் வினைகள் இரண்டே.