கைவிடப்பட்ட புகையிரதத் தடநிலங்கள்

புகையிரதம் ஓடுவது நின்றபின், அதன் தடம் கிடந்த நீண்டொடுங்கிய நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் வினா பல தேசங்களில் எழுந்துள்ளது. அமெரிக்காவில் பல தடங்கள் பிறர் காணியூடே செல்லும் வழியுரிமையாகவே பெறப்பட்டமையால், பாதை கைவிடப்பட்டதும் காணி தமக்கே மீளுமென உடைமையாளர் வாதாடினர்; 1983ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடங்களை நடைபாதையாக்கிப் பிற்காலத்துக்குக் காக்க வழிசெய்தது; எனினும் 2014இல் பிராண்ட் என்னும் காணியுடையார் தரப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் காணியுடையோர் பக்கமே நின்றது.

இலங்கையில் தடநிலம் பெரும்பாலும் அரசுடைமை. நீண்டகால அனுபோகத்தால் உரிமை தரும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அரச காணியைத் தீண்டாது. ஆகவே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் காலத்தால் மட்டும் உரித்துக் கனிவதில்லை. 1979இன் 7ஆம் இலக்கச் சட்டமோ அரச காணியை மீட்க அதிகாரமளிக்கிறது. இங்கும் பாதைகள் கைவிடப்பட்டதுண்டு: நானுஓயா–இராகலை ஒடுங்கிய புகையிரதப் பாதை 1940களில் மறைந்தது. வடக்கில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. அத்தடத்தில் மீண்டும் பாதை அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பியது. தடம் துண்டாடப்படாமல் காக்கப்படுவதன் பெறுமதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புகையிரதப் பாதையின் பெறுமதியை, அது எட்டாத கல்முனையின் மக்கள் நன்குணர்வர். 1928இல் மட்டக்களப்பை எட்டிய பாதை அங்கேயே நின்றுவிட்டமையால், அவர்கள் கொழும்புப் புகையிரதத்தைப் பிடிக்க இன்றும் சுமார் 40 கிலோமீற்றர் பஸ்ஸிலேயே செல்கின்றனர். ஆகவே கைவிடப்பட்ட தடங்களை நடைபாதையாக்கிக் காப்பது நன்றே. ஆனால் அத்தடங்களில் குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்றுக் காணி வழங்கிய பின்னரே அதனைச் செய்தல் வேண்டும்.