பானை ஒன்று, நீர் இரண்டு: வங்காளச் சமையலறைச் சொற்களின் வரலாறு

கூட்டுக்குடும்பத்தை வங்காளிகள் ‘ஏகான்னவர்த்தி’ என்பர். ஒரே அன்னத்தைப் பகிர்ந்து வாழ்வோர் என்பது பொருள். சகோதரர்கள் பாகம் பிரிந்தால் ‘பானை வேறாயிற்று’ என்பது வழக்கு. குடும்பத்தின் எல்லையை அடுப்பே வகுத்தது என்பதற்கு இவ்விரு வழக்குகளும் போதிய சான்று.

அப்பானையில் இரவு மிஞ்சிய சோறு நீரூற்றி வைக்கப்பட்டு, மறுநாள் காலை ‘பாந்தா பாத்’ ஆகும். தமிழரின் பழைய சோறுதான். உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், சில துளி கடுகெண்ணெய். வாய்த்தால் சுட்ட கத்தரிக்காய். பத்துப் பதினைந்து பேர் உண்ணும் வீட்டில் காலை அடுப்பு மூட்டாததால் விறகு மிச்சம். ஆள் கூடினால் நீரைக் கூட்டலாம். கடைசியில் உண்பவர்கள் வீட்டுப் பெண்களாதலால் கூட்டிய நீர் யார் தட்டில் மிகுந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பாட்டி வீட்டு நினைவாக இன்று எழுதப்படும்போது இந்தக் கணக்கெல்லாம் மறைந்து, வயிற்றின் குளிர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. மொழியோ மறக்கவில்லை. உப்பு வாங்கி வருவதற்குள் பாந்தா தீர்ந்துபோகும் என்பது அன்றாடங்காய்ச்சிகளைக் குறிக்கும் வங்காளப் பழமொழி.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகுந்தராம் சக்கரவர்த்தி இயற்றிய சண்டிமங்கலத்தில், வேடன் மனைவி ஃபுல்லரா தன் துயரங்களை அடுக்குமிடத்தில் ‘ஆமானி’ வருகிறது. பாந்தாவின் புளித்த நீர், அதாவது நீராகாரம். அதை ஊற்றிக் குடிக்கக் கலமில்லாமல் மண்தரையில் தோண்டிய குழியை அவள் சுட்டிக்காட்டுகிறாள். வறுமையைப் பாட வந்த புலவர் பசியை விட்டுக் கலமின்மையைக் காட்டியது எத்தனை உரைகளுக்கும் ஈடாகாது.

வடிகஞ்சிக்கு ‘ஃப்யான்’ என்று பெயர். வழக்கமாக அதை மாட்டுக்கு ஊற்றுவர். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவர். வடிக்காமல் குழையவிட்டு, உருளைக்கிழங்கை அதிலேயே வேகவைத்து, வெண்ணெயோ நெய்யோ இட்டால் ‘ஃப்யானா பாத்’. குழந்தைப் பருவத்து உணவு எது என்று கேட்டால் வங்காளிகள் பலரும் சொல்வது இதைத்தான்.

1943 பஞ்சத்தில் கல்கத்தாவுக்கு நடந்து வந்தோர் வீட்டு வாசல்களில் இறைஞ்சிக் கேட்டதும் இதே ஃப்யானைத்தான். சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்கள் அறிந்திருந்தனர். இறந்தோர் 15 இலட்சம் என்று பஞ்ச விசாரணைக் குழு 1945இல் மதிப்பிட்டது; பிற்கால ஆய்வாளர் பலர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பர். போர்க்காலத் தொழில்களின் ஊழியர்களுக்கு மலிவு விலையில் அரிசி வழங்க ஏற்பாடு இருந்தது. ஆகவே நகரத்து வீடுகள் பலவற்றில் அன்றும் உலை கொதித்தது, கஞ்சி வடிக்கப்பட்டது. தகரக் குவளையோடு வாசலில் நின்றோரில் மீனவர்களும் கிராமக் கைவினைஞர்களும் இருந்தனர். நெல்லை நட்டு அறுத்த நிலமற்ற கூலிகளும் இருந்தனர்.